மலையிலிருந்து, விடுதிச் சமையற்கட்டுக்கு

அன்புள்ள சமையல் அக்காவுக்கு,

உங்கள் பெயரை எழுதவில்லை. எழுதினால் காப்பாளரம்மா கேட்பார், பக்கத்து விடுதிக்காரர்கள் கேட்பார்கள், நீங்களும் சங்கடப்படுவீர்கள். என் மகள் உங்களைச் 'சமையல் அக்கா' என்றுதான் சொல்வாள். அவளுக்கு அக்கா என்றால் எனக்கும் அக்காவாகவே இருந்துவிட்டுப் போங்கள். வயதுக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் வால்பாறை மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், பிள்ளைகள் காப்பகத்தில் ஆயாவாக இருக்கிறேன். மகள் ஒன்பதாம் வகுப்பில் உங்கள் விடுதிக்கு வந்தவள், இப்போது பதினொன்று படிக்கிறாள்.

இதை நேரில் சொன்னால் போதாதா, பத்திரிகையில் எழுத வேண்டுமா என்று நினைப்பீர்கள். நேரில் சொல்லிப் பார்த்தேனே. விடுதி கேட்டுக்கு உள்ளே, வேப்ப மரத்தடியில், பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள், ரொம்ப நன்றி என்று வாயெடுத்தேன். "சம்பளம் வாங்குறேன், ஆக்கிப் போடுறேன். இதுல நன்றிக்கு என்ன இருக்குதுங்க?" என்று சொல்லிவிட்டு வெங்காயக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆழியாறு தாண்டி வண்டி மலையேறத் தொடங்கிய பிறகுதான் பதில் ஒவ்வொன்றாக வந்தது. வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். யோசிக்கத் தாராளமான பாதை.

பதில் இதுதான். நானும் சம்பளத்துக்குத்தான் பிள்ளை பார்க்கிறேன். அதனால் எது சம்பளத்துக்குள் வரும், எது வராது என்பது எனக்குத் தெரியும்.

என் வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்குக்கு, பேர் கொடுத்துவிட்டுப் பெண்கள் கொழுந்தெடுக்கப் போவதற்கு முன்னால் காப்பகம் திறந்திருக்க வேண்டும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தோளிலிருந்து தோளுக்கு மாற்றி வாங்கித் தூளியில் போடுவேன். பால், சத்துமாவு, மத்தியானச் சோறு. பால்குடி மறக்காத பிள்ளை இருந்தால் தாய் நடுவில் வந்து கொடுத்துவிட்டுப் போவாள். மழைக்காலத்தில் அவள் மேல் போட்டிருக்கிற பிளாஸ்டிக் தாளிலிருந்து தண்ணீர் சொட்டும், காலில் அட்டை இருக்கும். அதையெல்லாம் வாசலிலேயே உதறிவிட்டு, கையைச் சூடு பண்ணிக்கொண்டுதான் பிள்ளையைத் தொடுவாள். ஜூன் தொடங்கிவிட்டால் துணி காயாது. தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு எங்கள் தாலுகாவில்தான் இருக்கிறது. அந்தப் பெருமையைப் பிள்ளைத் துணி துவைக்கிறவளிடம் யாரும் சொல்லாமல் இருந்தால் நல்லது.

இவ்வளவும் சம்பளத்துக்குள். பேரேட்டில் இதற்கெல்லாம் கட்டம் உண்டு: இன்றைக்கு எத்தனை பிள்ளை, எவ்வளவு பால், யாருக்குக் காய்ச்சல்.

இப்போது இங்கே கொழுந்தெடுக்க ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். போன வருடம் அப்படி வந்த ஒரு பையன், மூன்று வயதிருக்கும், யார் முகத்தையாவது பார்த்துவிட்டால் வாயைத் திறக்க மாட்டான். ஊட்டினால் துப்புவான். அதட்டினால் அழுகை வேறு, அது என்ன சொல்லி அழுகிறது என்றும் புரியாது. ஒருநாள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். திரும்பினால் தட்டு காலி. அதிலிருந்து தினம் அவன் சாப்பிடும் நேரத்துக்கு நான் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேரேட்டில் இதற்குக் கட்டம் கிடையாது. செய்யாவிட்டால் யாரும் கேட்கப் போவதுமில்லை, சம்பளத்தில் பிடிக்கப் போவதுமில்லை.

நீங்கள் என் மகளுக்குச் செய்ததும் இந்த வகைதான். சேர்ந்த புதிதில் அவள் சாப்பிடவில்லை என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரியும். தட்டை வாங்கி, இரண்டு வாய் வைத்து, மிச்சத்தைக் கொட்டியிருக்கிறாள். நீங்கள் 'ஏன் கொட்டுறே' என்று கேட்கவில்லை. சாயங்காலம் சாம்பார் கொதிக்கும்போது கூப்பிட்டு, "உப்புப் பாரு கண்ணு, எனக்கு நாக்கு செத்துப்போச்சு" என்று ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். மறுநாள் ரசம். அதற்கடுத்த நாள் கூட்டு, அதோடு ஒரு பிடிச் சோறும். உப்புப் பார்க்கிற பிள்ளை கருத்துச் சொல்லியாக வேண்டுமே, சொன்னாள். கருத்துச் சொன்ன பிறகு அந்தச் சோற்றின் மேல் அவளுக்கு ஒரு பாத்தியதை வந்துவிட்டது. அந்த விடுதியில் எத்தனையோ பிள்ளைகள். எந்தத் தட்டிலிருந்து எவ்வளவு கொட்டப்படுகிறது என்று கவனித்தது உங்கள் கண். உங்கள் நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அவளுக்கு ரொம்ப நாள் தெரியவே தெரியாதாம். போன பொங்கல் லீவில்தான் சொல்லிச் சிரித்தாள்.

இங்கே லயத்து வீடுகளில் ஒரு கேள்வி ஓயாமல் கேட்பார்கள். ஒற்றைப் பெண்ணை விடுதியில் விட எப்படி மனசு வந்தது? ஊரார் பிள்ளைகளைப் பார்க்கிறவளுக்குச் சொந்தப் பிள்ளையைப் பார்க்க முடியவில்லையா? கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, பதிலும் அவர்களுக்கே தெரியும். ஆனாலும் பொதுவில் சொல்லிவிடுகிறேன்.

1951-ஆம் வருடம் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஒன்று வந்தது. ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்கிற தோட்டத்தில் பிள்ளைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தது. என் வேலையே அந்தச் சட்டத்தால் வந்ததுதான். அதற்கு முந்தைய காலம் எப்படி இருந்தது என்பதை, 1940-களில் இந்த ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் பிற்பாடு நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார்; 'பரதேசி' படம் எடுத்தது அதிலிருந்துதான். என் பாட்டி அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை, படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. கங்காணியோடு மலையேறி வந்த குடும்பம் அது. என் அம்மாவைக் கம்பளியில் சுற்றி மரத்தடியில் போட்டுவிட்டு, நிரை முடிவதற்குள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கொழுந்தெடுத்ததைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே அந்தச் சட்டத்தைக் குறைவாகப் பேச மாட்டேன்.

ஆனால் அந்தச் சட்டம் ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைத்தான் கணக்கில் எடுத்தது. ஆறு முடிந்தால் பிள்ளை பள்ளிக்கூடத்துப் பொறுப்பு. பள்ளிக்கூடம் சாயங்காலம் நாலேகாலுக்கு விட்டுவிடும். தோட்டம் ஐந்துக்கு மேல்தான் விடும். கோடை மழைக்குப் பிறகு கொழுந்து தள்ளுகிற வாரங்களில் எடை போட்டு முடிக்க இன்னும் நேரமாகும். கடைசித் தாய் வந்து கடைசிப் பிள்ளையை வாங்கிப் போகும்வரை நான் காப்பகத்தைப் பூட்ட முடியாது. என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட். பகலில் பறித்த இலையை ராத்திரி முழுக்க வாட்டி, விடிவதற்கு முன்னால் அரைக்க எடுக்க வேண்டும். ஊர் தூங்கும்போது விழித்திருக்கிற வேலை. அவர் கிளம்பும் நேரத்துக்கும் நான் திரும்பும் நேரத்துக்கும் நடுவில் ஒரு பதின்மூன்று வயதுப் பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி, இரண்டு பக்கமும் தேயிலை நிற்கிற பாதையில் தனியாக நடந்து வந்து, பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

தேயிலைச் செடி இடுப்பளவுதான். ஒரு சிறுத்தை படுத்துக்கொள்ள அந்த உயரம் போதும். இந்த மலையில் பிள்ளைகளைச் சிறுத்தை தூக்கிய சம்பவங்கள் செய்தித்தாளில் வந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். யானைக்கு ஓரளவு வழி பண்ணியிருக்கிறார்கள். ஆனந்தகுமார் என்கிற ஆராய்ச்சியாளரும் அவரோடு வேலை செய்கிறவர்களும், யானைக்கூட்டம் எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று எங்கள் எல்லோருடைய போனுக்கும் குறுஞ்செய்தி வருகிற மாதிரி செய்தார்கள். யானை பக்கத்தில் இருந்தால் மேட்டில் சிவப்பு விளக்கு எரியும். அந்த வேலைக்காக அவருக்கு 2015-ல் விட்லி விருது கொடுத்தார்கள்; கொடுக்க வேண்டியதுதான். யானை எங்கே நிற்கிறது என்று எனக்குச் செய்தி வந்துவிடும். மகள் எங்கே நிற்கிறாள் என்று தெரியாது. காப்பகத்தில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது காது ரோட்டில் இருக்கும். நாலரை பஸ்ஸின் ஹாரன் கேட்டதா, கேட்டதிலிருந்து எவ்வளவு நேரமாயிற்று, இந்நேரம் குழாயடி தாண்டியிருப்பாளா. அந்த இரண்டு மணி நேரம் என் கையிலிருந்த பிள்ளைகளுக்குப் பாதி ஆயாதான் கிடைத்தாள்.

மனசு எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கு என் பதில் அந்த இரண்டு மணி நேரம். அரசு விடுதியில் தங்கவும் சாப்பிடவும் காசு கிடையாது என்று பள்ளியில் ஒரு டீச்சர் சொன்னார்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு இறங்கினோம். 2023 ஜூன்.

அவள் போன பிறகு எங்கள் வாழ்க்கை என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். இதை யாரும் எழுதுவதில்லை. விடுதிக்குப் போன பிள்ளையின் அம்மா என்றால் வெறும் தட்டைப் பார்த்து அழ வேண்டும் என்று ஒரு வழக்கம். அழுதேன், அதில் ஒன்றும் அதிசயமில்லை. அழுது முடித்த பிறகு சாயங்காலம் இருந்தது. அது என்னுடையதாக இருந்தது. கடைசித் தாய் தாமதமாக வந்தால் முன்பு மனசுக்குள் கருவுவேன். இப்போது, மெதுவா வா புள்ள, வழுக்கும் என்று சொல்ல முடிகிறது. மகளிர் குழுவின் கணக்கை எழுதுகிறேன். ஜார்க்கண்ட் பெண்கள் பிள்ளையை வாங்க வரும்போது கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுகிறார்கள், நான் அவர்கள் பேச்சில் கொஞ்சம் பிடித்துக்கொண்டேன். 'பசி' என்பதற்கும் 'வயிற்றுவலி' என்பதற்கும் என்ன சொல் என்று தெரிந்ததும் காப்பகத்தில் பாதி அழுகை குறைந்தது. என் வேலையை நான் முழுசாகச் செய்யத் தொடங்கியது என் மகளுக்கு நீங்கள் சமைக்கத் தொடங்கிய பிறகுதான். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு வெட்கமில்லை.

வீட்டுக்காரர் கதை வேறு. அவருக்குப் போனில் பேசத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காப்பாளரம்மா போனில் மகள் கூப்பிட்டால், "சாப்டியா? என்ன சாப்ட?" என்பார். அவள் சொல்லுவாள். "நேத்து?" என்பார். அதையும் சொல்லுவாள். "சரி, அம்மாகிட்ட குடுக்கிறேன்." இவ்வளவுதான் அப்பா மகள் பேச்சு. அதனால் உங்கள் விடுதியில் எந்தக் கிழமை என்ன சமையல் என்று இந்த மலையில் ஒருவருக்கு மனப்பாடம். ராத்திரி ஷிப்டில் இலை வாடிக்கொண்டிருக்கும்போது கூட வேலை செய்கிறவர்களிடம், இன்றைக்குப் புதன், அங்கே சுண்டல் போட்டிருப்பார்கள் என்று சொல்வாராம். ஒரு வாரம் சுண்டலுக்குப் பதில் பயறு போட்டதை மகள் சொன்னபோது, ஏன் மாற்றினார்கள் என்று என்னிடம் காரணம் கேட்டார். எனக்கெப்படித் தெரியும்?

ஒரு வருத்தமும் உண்டு, மறைக்கவில்லை. உங்கள் வத்தக்குழம்பு என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று மகள் சொன்னாள். வீட்டுக்காரர் எதிரிலேயே சொன்னாள். எரிந்தது. பிறகு என்ன பொடி போடுகிறீர்கள் என்று அவளிடமே கேட்டு எழுதிக்கொண்டேன். வெந்தயத்தை எண்ணெயில் பொரிக்காமல் வறுத்துப் பொடித்துக் கடைசியில் தூவுகிறீர்களாம்.

அக்கா, இந்தச் சமையலை எவ்வளவு பணத்தில் செய்கிறீர்கள் என்பதையும் நான் கவனித்துத்தான் வருகிறேன். அரசு விடுதியில் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு மாதம் ஆயிரம் ரூபாயாக இருந்த உணவுப் பணத்தை 2023-ல் 1,400 ஆக்கினார்கள். நாளைக்கு வகுத்தால் நாற்பத்தாறு ரூபாய்ச் சில்லறை. மூன்று வேளைச் சாப்பாடு, சாயங்காலச் சுண்டல் எல்லாம் அதற்குள். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு சாப்பாட்டுக்குக் கொடுக்கிற காசு அதைவிட அதிகம். மகள் சேர்ந்த அடுத்த மாதம், ஜூலையில், தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கிறதா? நான் வீட்டில் தக்காளி வாங்குவதையே விட்டிருந்தேன். நீங்கள் புளியையும் கொத்தமல்லித் தண்டையும் வைத்து ரசம் ஒப்பேற்றியிருக்கிறீர்கள். அவளுக்குத் தக்காளி இல்லை என்பதே தெரியவில்லை. புதிதாக வந்த பிள்ளை, சாப்பிடாமல் இருந்த பிள்ளை, அந்த ரசத்துக்குத்தான் உப்புப் பார்த்தாள்.

இப்படிப்பட்ட இடத்தில் எல்லோரும் ஒரு வார்த்தை சொல்வார்கள்: தாய் மாதிரி. விடுதி விழாவில் மேடையில் சொல்வார்கள், பொன்னாடை போர்த்திச் சொல்வார்கள். எனக்கும் காப்பகத்தில் சொல்லியிருக்கிறார்கள். நான் உங்களை அப்படிச் சொல்லப் போவதில்லை. தாய் என்று சொல்லிவிட்டால் வேலை நேரம் கேட்க முடியாது. தாய்க்கு லீவு கிடையாது, தாய்க்கு ஓவர்டைம் கிடையாது, இரண்டு பேர் செய்கிற வேலையை ஒருத்தி செய்தால் தாயுள்ளம் என்று கைதட்டுவார்கள். பிள்ளை பார்க்கிற வேலை, சோறாக்குகிற வேலை, நோயாளிக்குப் படுக்கை மாற்றுகிற வேலை எல்லாவற்றுக்கும் நாட்டில் கூலி குறைவாக இருப்பதற்கு இந்த வார்த்தைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம். அன்பைச் சொல்லிக் கூலியைக் குறைப்பது பழைய தந்திரம். என் மகளுக்குத் தாய் நான் ஒருத்திதான், போதும். நீங்கள் கைத்திறன் உள்ள சமையல்காரர். பெரிய அண்டாவில் அடிப்பிடிக்காமல் பருப்பு வேகவைக்கிறவர், யாருக்கு வயிறு சரியில்லை என்று தட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறவர். நான் நன்றி சொல்வது அந்தத் திறமைக்கு.

அந்தத் திறமைக்குப் பின்னால் இன்னொரு வீடு இருப்பதும் தெரியும். விடிகாலை நான்கரைக்கு அடுப்புப் பற்றவைக்க வேண்டுமென்றால் நீங்கள் நாலுக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். எட்டாம் வகுப்புப் படிக்கிற உங்கள் பையனை எழுப்பிக் குளிக்கவைத்துப் பள்ளிக்கு அனுப்புவது உங்கள் மாமியாராம், முட்டிவலியோடு. மகள் சொன்னாள். என் பிள்ளைக்கு நீங்கள், உங்கள் பிள்ளைக்கு அவர், இங்கே கொழுந்தெடுக்கிற பெண்களின் பிள்ளைகளுக்கு நான். அந்தப் பெரியம்மாவுக்குச் சம்பளமும் கிடையாது, மேடையும் கிடையாது. என் வணக்கத்தைச் சொல்லுங்கள். முட்டிக்குத் தேய்க்க இங்கே நீலகிரித் தைலம் நல்லதாகக் கிடைக்கிறது, மகளிடம் கொடுத்துவிடுகிறேன்.

இன்னொரு நாளையும் எழுதியாக வேண்டும். போன தென்மேற்குப் பருவத்தில் மழை விடாமல் அடித்தபோது, வால்பாறை தாலுகாவுக்கு மட்டும் பள்ளி விடுமுறை என்று கலெக்டர் அறிவித்தார். வருடா வருடம் நடப்பதுதான், எங்களுக்குப் பழக்கம். ஆனால் கீழே விடுதி டிவியில் அந்த வரி ஓடினால் மலைப்பிள்ளைகளுக்கு அது விடுமுறைச் செய்தியாகத் தெரியாது. ரோட்டில் மண் சரிந்ததா, மரம் விழுந்ததா, லயத்துக் கூரை நிற்கிறதா என்றுதான் படிப்பார்கள். அன்றைக்கு இங்கே கரண்ட் இல்லை, டவரும் இல்லை. காப்பாளரம்மா அலுவலக வேலையாக வெளியே போயிருந்தாராம். உங்கள் சொந்தப் போனைக் கொடுத்து, கிடைக்கிறவரை அடித்துக்கொண்டே இரு என்று சமையற்கட்டு மூலையில் உட்காரவைத்திருக்கிறீர்கள். ஒன்பது மணிக்கு மேல் எஸ்டேட் ஆபீஸ் மேட்டில் நின்றிருந்த யாருக்கோ லைன் கிடைத்து, அவர் வந்து கதவைத் தட்டி, நாங்கள் குடையோடு ஓடி, "நல்லாத்தான் இருக்கோம் சாமி, தூங்கு" என்று சொல்வதற்குள் பத்தாகிவிட்டது. அதுவரை நீங்கள் வீட்டுக்குப் போகவில்லை. கடைசிப் பஸ் போய்விட்டிருக்கும். எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று மகளுக்குத் தெரியவில்லை, அவள் கேட்கவும் இல்லை. நான் கேட்கிறேன்: எப்படிப் போனீர்கள்?

2025 ஜூலையில் விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர். என்ன சாதிக்கான விடுதி என்று வாசலிலேயே எழுதிவைத்திருந்த காலம் போயிற்று, பிள்ளைகளுக்கு அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அந்தப் பெயர் சமையற்கட்டு வரைக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. காலியாக இருக்கிற இடத்துக்கு ஆள் போடுவது, நீங்கள் காய்ச்சலில் படுத்தால் மாற்றுச் சமையலர் அனுப்புவது, ராத்திரி தாமதமானால் வீடு சேர வழி பண்ணுவது. இதைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள் மட்டுமல்ல. உங்கள் சோற்றில் பிள்ளையை வளர்க்கிற எங்களைப் போன்றவர்களும் கேட்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் படிப்பைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வருகிறோம். அடுத்த கூட்டத்தில் இதையும் பேசுவதாக மலைக்காரர்கள் நாலைந்து பேர் சொல்லிவைத்திருக்கிறோம். அதற்காகத்தான் இந்த மடலை மூடிய கவரில் போடாமல் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதினேன். உங்களுக்கு இதனால் தொந்தரவு வராது. நாங்கள் எங்கள் பெயரில்தான் கேட்போம்.

மகளைப் பற்றி இனி உங்களுக்குத்தான் என்னைவிட அதிகம் தெரியும். ஆனாலும் சில விஷயங்கள். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் சேர வேண்டும் என்று இப்போது சொல்கிறாள். சிங்கவால் குரங்குகள் ஓட்டைப் பிரித்துக்கொண்டு வீட்டுக்குள் இறங்கிச் சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் போகிற ஊரில் வளர்ந்தவளுக்குக் காட்டின் மேல் என்ன ஆசையோ. கிடைத்தால் சந்தோஷம். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண் என்பதால் கல்லூரிக்குப் போனதும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும், அதை வைத்துக் கைச்செலவைப் பார்த்துக்கொள்வாளாம். கணக்கெல்லாம் போட்டுவிட்டாள். படிப்புத்தான் பாக்கி. 2025-26 கல்வியாண்டிலிருந்து பதினொன்றுக்குப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். அதனால் கொஞ்சம் மெத்தனம், கதைப் புத்தகம் படிப்பது கூடியிருக்கிறது. அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், நான் திட்டிக்கொள்கிறேன்.

பொங்கல் லீவு முடிந்து அவள் இறங்கும்போது தேயிலைத்தூள் ஒரு கிலோ கொடுத்தனுப்புகிறேன். பாதி உங்கள் வீட்டுக்கு, பாதி சமையற்கட்டில் வேலை செய்கிறவர்களுக்கு. கீழே கடையில் விற்கிற தூளைப் போல மூன்று கரண்டி அள்ளிப் போடாதீர்கள், பாதி போதும். கொதித்ததும் இறக்கி மூடிவைத்து வடிகட்டுங்கள், கசக்காது. வீட்டுக்காரர் வேலை செய்கிற ஃபேக்டரியில் அரைத்தது. யாராவது ருசி பார்த்து இரண்டு குறை சொன்னால்கூட அவருக்குப் பிடிக்கும், ஞாயிற்றுக்கிழமை போனில் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. ராத்திரி கண்விழித்துப் படிக்கிறேன், ஒரு காபி கொடுங்கள் என்று கேட்பாள். கொடுக்காதீர்கள். பால் கொடுங்கள். உப்புப் பார்த்த உரிமையில் கெஞ்சுவாள், காப்பாளரம்மா சரி என்று சொல்லிவிட்டார் என்பாள். சொல்லியிருக்க மாட்டார்.

இப்படிக்கு,
வால்பாறை மலையிலிருந்து
ஒரு காப்பக ஆயா